நூறு முரசும் ஒரு நட்சத்திரமும்

முன்னொரு காலத்தில், எந்த நாட்டில் என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் மழை பெய்தாலும் தனக்காகப் பெய்தது என்பார். குயில் கூவினால், தன்னைத்தான் கூப்பிடுகிறது என்பார். அவர் சபையில் சொக்கப்பன் என்று ஒரு விகடகவி. அவனுடைய வாய்க்குப் பூட்டு இல்லை. இந்தக் கதையில் வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

அமாவாசைதோறும் கரும்பாறை மலைக்கு மேலே வானத்தில் ஐந்தாறு வெளிச்சங்கள் தொங்குவதாகவும், ஏறி இறங்குவதாகவும் காவற்காரர்கள் வந்து சொன்னார்கள். அந்த மலை ராஜாவின் வேட்டைக்காடு. வேறு யார் கால் வைத்தாலும் கையை வெட்டிவிடுவார்கள். அங்கே மனிதர் இருக்க வழியில்லை என்று சபை பயந்து போயிற்று. சொக்கப்பன் மட்டும் சிரித்தான். நட்சத்திரங்கள் மகாராஜாவைச் சேவிக்க இறங்கி வருகின்றன, நூறு முரசு கொட்டி வரவேற்க வேண்டாமா என்று கேட்டுவிட்டான். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்த அமாவாசையன்று மலையடிவாரத்தில் நூறு முரசுகள் ஒன்றாக முழங்கின. வெளிச்சங்கள் தள்ளாடின. ஒன்று நேராகக் கீழே விழுந்து அணைந்தது.

ஆஸ்தான சோதிடர் நரசிங்கர் முந்திக்கொண்டார். நட்சத்திரம் மகாராஜாவின் காலடியில் விழுந்து வணங்கியது என்றார். அந்த நட்சத்திரமும் அதன் சுற்றமும் இனி அரசரின் அடைக்கலம், அவர்களை யாரும் தீண்டக்கூடாது என்று ஓலை எழுதி முத்திரையும் வாங்கினார். அப்படியும் ராஜா சொக்கப்பனைத்தான் பாராட்டினார். சோதிடருக்கு வயிறு எரிந்தது. விழுந்த நட்சத்திரத்தைச் சொக்கப்பன் மூன்று நாளில் சபைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டே போகவேண்டும் என்று ராஜாவைச் சொல்ல வைத்துவிட்டார்.

சொக்கப்பன் பாட்டுப் பாடிக்கொண்டே மலைக்குப் போனான். பாறையின் அடியில் பாதி எரிந்த பந்தம் ஒன்று கிடந்தது. பக்கத்தில் கொடியால் முறுக்கிய கயிறு, நசுங்கிய தேனடை, காய்ந்த ரத்தம். அவன் பாட்டு நின்றுவிட்டது.

காட்டுக்கு அப்பால் ஆறேழு குடிசைகள். ஒரு குடிசைக்கு வெளியே முகமெல்லாம் வீங்கிய ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். பெயர் மசணன். உள்ளே அவன் தங்கை மாதி. அவள் புருஷன் செவணன்தான் விழுந்து செத்தவன். மலைத்தேன்தான் அவர்கள் பிழைப்பு. தண்டனைக்குப் பயந்து, நிலா இல்லாத இரவில் பந்தப் புகையோடு பாறையில் இறங்குவார்கள். மேலே கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் அண்ணனாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தங்கையின் தாலியை நினைத்து அவன் பிடியை விடமாட்டானாம்.

"எங்கிருந்தோ இடி மாதிரி சத்தமுங்க. தேன்பூச்சியெல்லாம் கலைஞ்சு வந்து மூஞ்சில அப்பிருச்சு. கண்ணைத் தொடைக்க ஒத்தக் கையத்தான் எடுத்தேன்" என்றான் மசணன். அன்றிலிருந்து மாதி அவனோடு பேசவில்லை, அவனும் சோறு தொடவில்லை.

சொக்கப்பனுக்கு அழுகை வந்தது. தான் நாட்டை விட்டுப் போய்விடலாம் என்று முதலில் நினைத்தான். ஆனால் அவன் போனால் சோதிடர் ஆள்விட்டுத் தேடுவார். இவர்கள் எல்லோருக்கும் கை போகும். அண்ணன் தங்கை இருவரையும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு என்று மன்றாடி அழைத்து வந்தான்.

சபையில் கரிந்த பந்தத்தை ராஜாவின் முன்னால் வைத்தான். "மகாராஜா, விழுந்த நட்சத்திரம் இதுதான். இவர்கள் அதன் சுற்றம்."

சோதிடர் துள்ளி எழுந்தார். "அரசே, இது வெறும் பந்தம். இவர்கள் தேன் திருடர்கள். கையை வெட்ட உத்தரவிட வேண்டும்."

"அப்படியானால் விழுந்தது நட்சத்திரம் இல்லை என்று சோதிடரே சொல்கிறார். பொய் ஓலைக்கு அரச முத்திரை வாங்கியவருக்கு என்ன தண்டனை என்று மகாராஜா சொல்லட்டும்" என்றான் சொக்கப்பன்.

சோதிடர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், அது நட்சத்திரம்தான் என்றார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது. ஓலையில் உள்ளபடி தேனெடுப்பவர்களுக்கு மலை திறந்துவிடப்பட்டது. இனி அங்கே முரசு கொட்டக்கூடாது என்றும் உத்தரவாயிற்று. ராஜா தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிச் சொக்கப்பனுக்கு மாட்டினார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாதி அவனிடம் கேட்டாள். "அன்னிக்கி முரசு கொட்டச் சொன்னது யாருங்க?"

சோதிடரைக் கை காட்டியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சொக்கப்பன் காட்டவில்லை.

"நான்தான் அம்மா. ராஜாவைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னேன். உங்க அண்ணன் கயிற்றை விடவில்லை. அந்தக் கயிறு நழுவியது என்னால்தான்."

அவள் அவனைத் திட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை. பிறகு தரையில் குனிந்து உட்கார்ந்திருந்த அண்ணன் பக்கம் திரும்பி அவன் வீங்கிய முகத்தைத் தொட்டாள்.

"எந்திரி அண்ணே, வீட்டுக்குப் போவம். சோறாக்கித் தாறேன்" என்றாள்.

சபை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சிரிக்காதவன் விகடகவி ஒருவன்தான். இருவரும் வாசலைத் தாண்டி மறையும்வரை, காப்பு மாட்டிய கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு அவன் நின்றான்.