நாலு இல்லாத மேஜை

"எட்டுக் கட்டுச் சீட்டுலயும் நாலை மட்டும் உருவிட்டா, ஆட்டம் எந்தப் பக்கம் சாயும் மேடம்?"

சீட்டைப் பற்றித்தான் கேட்பதுபோல் கேட்டான் பொன்சிங். குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். கப்பல்களின் சூதாட்ட மேஜைகளில் பல வருஷம் சீட்டுப் போட்டவள். இப்போது துறைமுகத்துக்கு எதிரே ஒரு மாடியில் அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் படிக்க வந்த பொன்சிங் அவளைவிட மூத்தவன். அதனால் அவளுக்கு அவன் அண்ணாச்சி, அவனுக்கு அவள் மேடம்.

"எந்த நாலைச் சொல்லுதீங்க அண்ணாச்சி?"

"சீட்டுல உள்ள நாலைத்தான்."

அவள் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்தாள்.

எட்டுக் கட்டுச் சீட்டை வைத்து ஆடும் பக்காரா மேஜையில் உட்காரும் இடங்களுக்கு எண் உண்டு. பல ஊர்களில் மூன்றுக்கு அப்புறம் ஐந்துதான். சீனர்கள் பேச்சில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி, அதனால் நாலை விட்டுவிடுவார்கள். இந்த மேஜையின் பச்சைத் துணியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஆனால் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் சாக்பீஸால் ஒரு நாலு எழுதியிருந்தது. கடைசியாகப் படிக்க வந்து சேர்ந்த கிளாட்வினுக்கு இடமில்லாமல் போனபோது, மெஹருன்னிசா தன் கையால் எழுதிக் கொடுத்த இடம். அன்றிலிருந்து கிளாட்வினுக்கு அங்கே 'நாலு' என்றே பேராகிவிட்டது.

தன் கையால். பொன்சிங்குக்குத் தொண்டையில் சிக்கிய முள் அதுதான்.

மேடம் வாயால் ஒரு "நல்லாருக்கு" வாங்க அவன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறான். கிளாட்வின் வந்த வாரமே அதை வாங்கிவிட்டான். வாங்கியது தெரியாத மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொண்டான்.

நாளைக்குக் கப்பல் கம்பெனிக்காரர் வருகிறார். பொன்சிங், கிளாட்வின் இருவரையும் இதே மேஜையில் நிறுத்திப் பார்ப்பார். ஒருவரைத்தான் எடுப்பார். ஒரு ஆட்டத்தைத் தப்பாக முடித்தாலும் போதும், வாசலைக் காட்டிவிடுவார். பொன்சிங்குக்கு நாற்பது நெருங்குகிறது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் வயசைக் கேட்கும்.

"நாளைக்கு அவனை வர வேண்டாம்னு சொல்லிருங்க மேடம்," என்றான், இனி மறைத்துப் பயனில்லை என்று.

"என்ன குத்தம் பண்ணினான்?"

"மேஜையைத் தட்டுதான். நான் ஆட்டத்தை முடிச்சு சீட்டை வாரப் போவேன், பக்கத்துல நின்னுகிட்டு விரலால டொக்குன்னு ஒரு தட்டு. எனக்குக் கை நின்னுபோவுது. மறுபடி சீட்டைப் பாத்துட்டுப் போட வேண்டியிருக்கு. என்னமோ இவன்தான் எனக்கு மேஸ்திரி மாதிரி!"

"அது மட்டுந்தானா?"

பொன்சிங் துணியைத் தடவினான்.

"இல்ல மேடம். அவன் கை ஓடுத ஓட்டத்தைப் பாத்தாலே வயிறு எரியுது. ராத்திரி படுத்தா அவன் கைதான் கண்ணுக்குள்ள நிக்கி."

"சரி," என்றாள் மெஹருன்னிசா. "நாலை எடுத்திருங்க."

கிளாட்வின் டீ வாங்கக் கீழே போயிருந்தான். நல்ல நேரம்தான் என்று நினைத்துக்கொண்டு பொன்சிங் எட்டுக் கட்டையும் பிரித்தான். கண்ணில் பட்ட நாலையெல்லாம் பொறுக்கி ஓரமாகக் குவித்தான். அத்தோடு விடவில்லை. கட்டைவிரலால் துணியில் இருந்த சாக்பீஸ் நாலையும் அழுத்தித் தேய்த்து அழித்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மெஹருன்னிசா அதையும் பார்த்தாள்.

"இப்ப எந்தப் பக்கம் கட்டுவீங்க அண்ணாச்சி?"

பக்காராவில் முக்கியமாக இரண்டு பக்கம்: பிளேயர், பேங்க்கர். பக்கத்துக்கு இரண்டு சீட்டு; குறைவாக இருந்தால் மூன்றாவதும் உண்டு. கூட்டினால் ஒன்பதுக்குக் கிட்டே இருக்கிற பக்கம் ஜெயிக்கும். பத்துக்குப் போனால் பத்தைத் தள்ளிவிட்டு மிச்சம்தான் கணக்கு.

"பிளேயர் பக்கம்," என்றான். "நாலுங்கறது சொத்தைச் சீட்டு. அது தொலைஞ்சா பிளேயருக்கு நல்லதுதான்."

"பிளேயர் எது வரைக்கும் இருந்தா மூணாவது சீட்டு எடுப்பாரு?"

"அஞ்சு வரைக்கும்."

"அஞ்சு மேல அஞ்சு விழுந்தா?"

"பத்து. எல்லாம் போச்சு."

"அஞ்சு மேல நாலு விழுந்தா?"

"ஒம்பது."

"மூணு மேல?"

"ஏழு."

"ஒண்ணுமே இல்லாத கையில?"

"நாலாச்சும் மிஞ்சும்."

"எங்கயாவது கெடுக்குதா?"

பொன்சிங் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தான். எங்கும் கெடுக்கவில்லை.

"அப்ப, யாருக்கு வேண்டிய சீட்டை எடுத்துப் போட்டிருக்கீங்க?"

அவன் ஓரத்தில் கிடந்த குவியலைப் பார்த்தான். "பெரிய நஷ்டமா மேடம்?"

"ஒண்ணை எடுத்தா மயிரிழை. அத்தனையும் எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனா பேங்க்கர் பக்கமா சாஞ்சுகிட்டே இருக்கும்."

"அது சீட்டுக் கணக்கு," என்றான் பொன்சிங் வீம்பாக. "மனுஷனுக்குப் பொருந்தாது."

"பொருந்தாதுதான். நாளைக்கு அவன் இல்லைன்னு வச்சுக்கிடுங்க. நான்தான் கம்பெனிக்காரர். போடுங்க."

பொன்சிங் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போட ஆரம்பித்தான்.

என்ன ஒரு சுகம்! பக்கத்தில் ஆள் இல்லை, தட்டு இல்லை. சீட்டு விரலில் வழுக்கிக்கொண்டு போனது. இப்படி ஒரு நாள் கிடைக்கத்தானே இத்தனை நாள் ஏங்கினான்.

அடுத்த ஆட்டம். பிளேயருக்கு ஆறு. பேங்க்கருக்கு ஐந்து.

"பிளேயர் வின்!"

கணீரென்று சொன்னான். சீட்டை வாரினான். பிளேயர் பக்கத்துக்கு ஜெயித்த பணத்துக்கான சிப்ஸைத் தள்ளினான். ஒரு "நல்லாருக்கு" வரும் என்று மேடத்தின் முகத்தைப் பார்த்தான்.

மெஹருன்னிசா விரலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள்.

டொக்.

அவன் கை நின்றது. பழக்கத்தில் மறுபடி சீட்டைப் பார்த்தான். பிளேயருக்கு ஆறு, அதனால் அவர் சீட்டு எடுக்காமல் நின்றுவிட்டார். அப்படி நின்றால், ஐந்து வைத்திருக்கிற பேங்க்கர் இன்னொரு சீட்டு எடுத்தே ஆகவேண்டும். முதல் நாள் பாடம். அந்தச் சீட்டை அவன் போடவே இல்லை. போடாமலேயே ஆட்டத்தை முடித்துவிட்டான்.

பொன்சிங் தள்ளிய சிப்ஸைத் திரும்ப இழுத்துக்கொண்டான்.

"எத்தனை நாளா மேடம் இந்தத் தப்பைப் பண்ணுதேன்?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? இத்தனை நாளும் நீங்க முடிக்கதுக்குள்ள அவன் தட்டு விழுந்துரும், இன்னைக்குத்தானே முதல் தடவையா பாக்கேன்."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கிளாட்வின் டீயோடு ஏறி வந்துகொண்டிருந்தான்.

பொன்சிங் மேஜையைச் சுற்றிப் பார்த்தான். குனிந்து கீழேயும் பார்த்தான்.

"மேடம், சாக்பீஸ் எங்க இருக்கு?"