அஞ்சுக்கு ரெண்டே முக்கால்

ஆறு ஓடுகிற ஊர் ஒன்று இருந்ததாம். ஊர் என்றால் தியேட்டர் இருக்கும். தியேட்டர் என்றால் வண்டி ஸ்டாண்டு இருக்கும். அந்த ஸ்டாண்டில் ஒருத்தி இருந்தாளாம்.

பெயர் முப்பிடாதி. வயது முப்பத்தொன்று. டோக்கன் கொடுப்பாள், வண்டியை வாங்கி நிறுத்துவாள். டோக்கனை வாங்கிக்கொண்டு வண்டியை விடுவாள். வேலை அவ்வளவுதான்.

ஆனால் எந்தப் படம் எப்படி என்று அவளுக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு.

ஒருமுறை, படத்தை வாங்கி வெளியிட்ட ஒருவர் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினாராம்.

"ஏம்மா, படம் ஓடுமா?"

முப்பிடாதி கையை நீட்டி வண்டிகளைக் காட்டினாள்.

"என்னம்மா? வண்டிதான் நிக்குது."

"ஆமா. படம் விட்டுப் பத்து நிமிசம் ஆச்சு. எடுக்க ஒருத்தரும் வரல. எந்திரிக்க மனசில்லாம உள்ளேயே உக்காந்திருக்காவ."

அதிலிருந்து அவளுக்கு ஆசான் என்று பெயர். கேலிக்குத்தான். அவளும் சிரித்துக்கொள்வாள்.

சித்திரை ஒன்றாம் தேதி. புதுப்படம். காலைக் காட்சி விடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், கோமதிநாயகம் வந்து அவள் முன்னால் நின்றார். கையில் மைக்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"எத்தனை ஸ்டார் குடுத்தா எம் மக எங்கூடப் பேசுவா?"

 

கோமதிநாயகத்தைத் தெரியாத சினிமா ரசிகன் அந்தப் பக்கத்தில் கிடையாது. 'வாசல் பேச்சு' என்று யூடியூப் சேனல் நடத்துகிறார். முதல் நாள் முதல் காட்சி விட்டதும் கேட்டில் நிற்பார்.

"படம் எப்படி இருக்கு? அஞ்சுக்கு எத்தனை?"

பதினோரு வருடமாக அதே கேள்விதான். கூட்டம் வெளியே வரும்போது கேட்டில் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் அவர் ஒரு படத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. பெரிய படங்கள் பண்டிகைக்குத்தான் வரும். அதனால் தீபாவளியும் பொங்கலும் அவருக்கு கேட்டில்தான்.

மகள் பெயர் ஆவுடைச்செல்வி. பதினேழு வயது.

"அவ ஒரு படம் எடுத்தா," என்றார் கோமதிநாயகம். "பொங்கலன்னைக்கு, வீட்டுல வச்சு, போன்லயே. ஒம்போது நிமிசம். போன மாசக் கடைசியில எல்லாம் வெட்டி ஒட்டி முடிச்சுட்டு, எப்படி இருக்குப்பான்னு கேட்டா."

"நீங்க?"

"அஞ்சுக்கு ரெண்டே முக்கால்னேன்."

முப்பிடாதி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கணக்கு இருக்கு ஆசானே. சும்மா சொல்லல. மூணு இலை போட்டிருக்கு. ரெண்டு பேரு சாப்பிடுதாவ, மடிக்காவ, எந்திரிக்காவ. மூணாவது இலைக்கு ஆளே வரல. யாருக்குப் போட்ட இலைன்னு படத்துல சொல்லவும் இல்ல. லாஜிக் இடிக்குது. ஒரு ஸ்டார் போச்சா? அந்த இலையில தண்ணி தெளிச்சு, அது காயுத வரைக்கும் காட்டுதா. செம லேக், ஒரே இழுவை. அதுக்கு ஒண்ணு. அப்புறம் மறுபடி அதே ஷாட்டு. எடிட்டிங்குக்குக் கால் குறைச்சேன்."

"கடைசியில என்ன?"

"ஏழாவது நிமிசத்துல நிறுத்திட்டேன். போக்குதான் தெரிஞ்சு போச்சுல்லா."

"சரி."

"அதோட விட்டிருக்கலாம். சேனல்லயும் சொன்னேன். மகள்ங்கறதுக்காகக் கூட்டிப் போடக் கூடாது பாருங்க. நேர்மைன்னு ஒண்ணு இருக்கு. மறுநாளைக்குள்ள எண்ணூறு பேரு ரேட்டிங் போட்டான். சராசரி ஒண்ணே முக்கால். கமெண்ட்ல ஒருத்தன் 'இலையை விட ஆடு நல்லா நடிக்கும்'னு எழுதியிருந்தான். அவ படத்தையே தூக்கிட்டா."

"ம்."

"நானும் மனசு கேக்காம அஞ்சுக்கு அஞ்சுன்னு மாத்திப் போட்டேன். அதுக்கு முன்னாடி 'ம்'னாவது சொல்லிட்டிருந்தா. இப்ப அதுவும் இல்ல. பதினோரு நாளாச்சு. இனிமே படமே எடுக்க மாட்டேன்னு அவ அம்மா செண்பகத்துகிட்டச் சொல்லியிருக்கா. செண்பகம் என்னைப் பாத்து, 'நீங்க நல்லா இருப்பிய'ன்னா. அவ அப்படிச் சொன்னா நல்லதுக்கில்ல ஆசானே."

முப்பிடாதி டோக்கன்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வீட்டுல விசேசமில்லையா?"

"இருக்கும். மாங்காப் பச்சடி, பாயசம்னு ஏதாச்சும். மதியம் நான் போறதில்ல. பன்னெண்டரைக் காட்சிக்கும் கருத்து எடுக்கணும்லா."

அவள் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டினாள்.

"கை சும்மாதான இருக்கு? வண்டி எடுத்துக் குடுங்க."

கதவு திறந்தது. கூட்டம் வந்தது.

 

கேட்டில் வேறு சேனல்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். அங்கே கத்துவது ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

ஒரு பையன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். "அஞ்சுக்கு அஞ்சு! ஆறாவது இருந்தா அதையும் எழுதிக்கோ! தலைவன் படம்டே!"

அவனே கொஞ்ச நேரத்தில் டோக்கனோடு வந்தான். சட்டை தோளில் கிடந்தது. கோமதிநாயகம் வண்டியை இழுத்துக் கொடுத்தார். மைக் இல்லாததால் அவன் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

கூட வந்தவன் மெதுவாகக் கேட்டான். "எலேய், நெசமாவே நல்லாருந்துச்சால?"

இவன் வண்டியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"முட்டியில ஆப்பரேசன் பண்ணிட்டு வந்து ஆடியிருக்காரு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சுடே. நாம விட்டுக் குடுத்தா வேற யாரு இருக்கா அவருக்கு?"

வண்டியை அவன் கிளப்பவில்லை. தள்ளிக்கொண்டே போனான்.

அடுத்து ஒருத்தர். பேங்க்கில் வேலை பார்ப்பவர் போல இருந்தார். கேட்டில் விரலை வட்டமாக மடித்துக் காட்டியவர் இவர்தான். "பூஜ்யம். தலைவலி மாத்திரை இருந்தா குடுங்க."

டோக்கன் கொடுத்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. போனை எடுத்தார்.

"எம்மா... ஒண்ணுமில்ல. சும்மாதான். சாப்ட்டியா? ... இல்ல, ஒண்ணுமில்லம்மா. குரல் அப்படித்தான் இருக்கு. வெயிலு."

அவர் போன பிறகு கோமதிநாயகம் அவள் காதருகே வந்தார்.

"பூஜ்யம்னு சொன்ன ஆளு ஆசானே அது."

"அப்படியா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

ஒரு புருசனும் பெண்டாட்டியும் வந்தார்கள். மைக் பக்கமே போகாதவர்கள். மூன்றாவது வரிசையில் நீல வண்டி.

"வரும்போது ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கைப்பை இருந்துச்சு," என்றாள் முப்பிடாதி.

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். பை இப்போது முன்னால், ஹேண்டிலில் தொங்கியது.

அவருக்கு வியர்த்து வழிந்தது. ஒரு வண்டியின் கிக்கர் கம்பி அவர் காலில் இடித்து வேட்டியில் கறை வைத்தது. அவர் கவனிக்கவில்லை.

"அப்ப மைக்குல எல்லாரும் பொய்தான் சொல்லுதாவளா?"

"பொய் இல்ல அண்ணாச்சி. நீங்க எத்தனைன்னு கேக்கீய. அவிய எண்ணிச் சொல்லுதாவ."

கோமதிநாயகம் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"எம் மக எத்தனைன்னு கேக்கலையே," என்றார். "எப்படி இருக்குன்னுல்லா கேட்டா. நான் என்ன சொல்லியிருக்கணும்?"

"படம் உங்க போன்ல இருக்கா?"

"இருக்கு."

"போடுங்க."

 

இன்னும் பத்துப் பதினைந்து பேர் டோக்கனோடு நின்றார்கள். பன்னெண்டரைக் காட்சிக்கு வருகிறவர்களும் வண்டியோடு வந்து சேர்ந்தார்கள். கோமதிநாயகத்தின் வண்டி ஐந்தாவது வரிசையில் எங்கேயோ புதைந்து போயிற்று.

முப்பிடாதி ஒரு ஸ்கூட்டர் சீட்டில் போனைச் சாய்த்து வைத்தாள்.

"ஆசானே! டோக்கனை வாங்குங்க!"

"ஒம்போது நிமிசம் நில்லுங்க."

"வெயிலு கொளுத்துது ஆசானே!"

"நெழல்ல நில்லுங்க."

நுனி இலை மூன்று. மஞ்சள் வெயில் தரையில் விழுந்திருந்தது. இரண்டு பேர் சாப்பிட்டார்கள். முகம் தெரியவில்லை, கைகள் மட்டும். ஒரு கையில் செண்பகத்தின் வளையல். இன்னொன்று சின்னக் கை, ஆவுடைச்செல்வியுடையது. இரண்டு இலைகளும் மடிந்தன.

மூன்றாவது இலையில் அந்தச் சின்னக் கை தண்ணீர் தெளித்தது. பொட்டுப் பொட்டாக நின்றது தண்ணீர். மெல்ல மெல்ல ஓரத்திலிருந்து காய்ந்தது.

கோமதிநாயகத்தின் விரல் பழக்கத்தில் படத்தைத் தள்ளப் போயிற்று. முப்பிடாதி அந்த விரலைப் பார்த்தாள். விரல் திரும்பி வந்தது.

இலை முழுக்கக் காய்ந்தது.

அப்போது படத்துக்குள், தெருவில் எங்கேயோ ஒரு வண்டிச் சத்தம்.

சின்னக் கை அவசரமாக வந்தது. மறுபடி தண்ணீர் தெளித்தது.

வண்டி வாசலைக் கடந்து போயிற்று. தண்ணீர் காய்ந்தது.

மறுபடி ஒரு வண்டி. மறுபடி கை. இந்தத் தடவை கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது.

டோக்கனோடு நின்றவர்களில் ஒருவன் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். "யாரு படம்? ரேட்டிங் எம்புட்டு?"

கோமதிநாயகம் அவனுக்கும் தெரியும்படி போனைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

ஏழாவது நிமிடம் போயிற்று. எட்டாவது நிமிடம். இலையின் ஓரம் சுருள ஆரம்பித்தது. இன்னொரு வண்டிச் சத்தம். இது போகவில்லை. வாசலில் நின்றது. சின்னக் கை இலைக்கு மேல் வந்து, தண்ணீரோடு அப்படியே அந்தரத்தில் நின்றது.

உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல் கேட்டது.

"யாருடி?"

கால் சத்தம் வாசலுக்கு ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக அதே கால் சத்தம் திரும்பி வந்தது.

"அப்பா இல்லம்மா. வேற யாரோ."

படம் முடிந்தது.

 

முப்பிடாதி போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். எழுந்தாள். நின்றவர்களிடம் டோக்கனை வாங்கினாள்.

"ரெண்டாவது வரிசை, செகப்பு."

"அந்தக் கறுப்பு ஆருது? கண்ணாடி இல்லாதது?"

"ஹெல்மெட்டை மறந்துராதீய."

ஒவ்வொரு வண்டியாகப் போயிற்று. புது வண்டிகளுக்கு டோக்கன் கொடுத்தாள். அவர்களும் உள்ளே போய்விட்டார்கள். தியேட்டருக்குள் மணி அடித்தது. கேட்டில் நின்ற மற்ற சேனல்காரர்கள் ஜூஸ் குடிக்கப் போனார்கள்.

கோமதிநாயகம் போனைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். திரை எப்போதோ அணைந்துவிட்டது.

"ஆசானே," என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டார். "ஆசானே, நான் அவகிட்ட என்ன..."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அங்கே நிற்பார் என்று எதிர்பார்க்காதவள் போல.

"நீங்க இன்னும் கெளம்பலையா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் தன் வண்டி இருந்த பக்கம் பார்த்தார். முன்னால் நான்கு வரிசை. எல்லாம் இப்போதுதான் வந்த வண்டிகள். ஒவ்வொன்றாய் நகர்த்தி எடுக்க அரைமணி நேரமாவது ஆகும்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

டீக்கடை முக்கு வரைக்கும் நடந்தார். அதற்கப்புறம் வீட்டைப் பார்த்து ஓட்டம்தான்.