பொன் குளத்துக்கு ஒரு தவிட்டுப் பாதை

முன்னொரு காலத்திலே மாந்துறை நாட்டைக் கார்மேகராஜன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கனவுப் பைத்தியம். மதியம் சாப்பிட்டுப் படுப்பார், ஒரு கனவு காண்பார், எழுந்ததும் அது அப்படியே நடந்தாக வேண்டும் என்பார். ஒருநாள் யானைக்குச் சிறகு கேட்டார். பாகன் இரண்டு பனையோலையைக் கட்டிவிட்டு நாலு நாள் ஒளிந்து கிடந்தான், பாவம்.

கொஞ்ச நாளாய் அவருக்கு ஒரே கனவு. ஒரு பொன் குளம். அதன்மேல் வெறுங்காலோடு நடக்கிறார். அக்கரையில் யாரோ கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை. கிட்டே போவதற்குள் விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவார்.

அரண்மனைச் சமையற்கட்டில் சோலையம்மை என்று ஒரு சமையற்காரி இருந்தாள். ஊரில் அவளுக்கென்று யாரும் கிடையாது, இருபது வருஷமாய் அந்த அடுப்படிதான் வீடு. அவள் சுடும் அதிரசத்தை ராஜா புகழப் புகழ, சடங்கு அதிகாரி நாகலிங்கனாருக்கு வயிறு எரியும். அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

அன்று பிற்பகல் நல்லெண்ணெய் வைத்திருந்த பெரிய மண்மிடா விரிசல் விட்டுவிட்டது. எண்ணெய் அத்தனையும் கருங்கல் தரையில் பரவியது. கூரைத் திறப்பு வழியே சாய்வெயில் விழ, தரை முழுக்கப் பொன்னாய் மின்னியது. உத்தரம், அடுப்புப் புகை, ஒரு துண்டு வானம் எல்லாம் அதற்குள் மிதந்தன. சோலையம்மையே ஒரு நிமிஷம் சொக்கிப்போய் நின்றாள். அப்புறம்தான் பார்த்தாள், எண்ணெய் மெல்ல மெல்ல அடுப்பை நோக்கி வருகிறது!

சட்டென்று கொள்ளிகளை இழுத்துச் சாம்பலில் புதைத்தாள். கொதிக்கும் அதிரசச் சட்டியைத் தூக்கவில்லை. வழுக்கும் தரையில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க அவளுக்கு என்ன பைத்தியமா? மூடியைப் போட்டு இருந்த இடத்திலேயே ஆற விட்டாள்.

நிமிர்ந்தால், எதிர் வாசலில் ராஜா! கண்ணில் இன்னும் தூக்கக் கலக்கம். பின்னாலேயே நாகலிங்கனார்.

"என் குளம்!" என்றார் ராஜா.

"எண்ணெய் சிந்தியிருக்கிறது மகாராஜா, அபசகுனம்!" என்றார் நாகலிங்கனார். "சமையற்கட்டில் எது சிந்தினாலும் மூன்று குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிந்தவிட்டவள் பொழுது சாய்வதற்குள் கோட்டையை விட்டுப் போக வேண்டும். தங்கள் பாட்டனார் வகுத்த ஆசாரம்."

"ஐயையோ, தண்ணீர் வேண்டாங்க!" என்று சோலையம்மை கத்தினாள். "எண்ணெய் இன்னும் பரவும். சூடான சட்டியில் ஒரு சொட்டுத் தெறித்தால்கூட வெடிச்சுக் கிளம்பும்!"

ராஜா இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. "சோலை, நான் இதன்மேல் நடக்கப்போகிறேன். விழக் கூடாது, கால் நனையக் கூடாது, கனவில் நடந்த மாதிரியே அக்கரை சேர வேண்டும். சேர்த்துவிட்டால் நீ இங்கேயே இரு. இல்லையென்றால் ஆசாரப்படி ஆகட்டும்" என்றார்.

சோலையம்மை அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். இந்த அடுப்பை விட்டு எங்கே போவாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டு மூட்டை கண்ணில் பட்டது.

"மகாராஜா, தங்கக் குளத்துக்குப் படித்துறை வேண்டாமா? கட்டித் தருகிறேன், அதுவரை அங்கேயே நில்லுங்க" என்றாள்.

முறத்தில் தவிட்டை அள்ளி, தன் காலடியிலிருந்து ராஜாவை நோக்கித் தூவிக்கொண்டே வந்தாள். தவிடு எண்ணெயைக் குடித்துக் கெட்டியானது. அதன்மேல் இன்னொரு கை. பிறகு அதன்மேல் கால் வைத்து அழுத்திப் பார்த்து, அடுத்த எட்டு. இருபக்கமும் பொன் குளம் அசையாமல் கிடக்க, நடுவே ஒரு பழுப்புப் பாதை நீண்டது.

மைத்துனனுக்கு நினைத்த வேலை கெட்டுப்போகிறதே என்று நாகலிங்கனாருக்குப் பொறுக்கவில்லை. "ஆசாரம் ஆசாரம்தான்!" என்று ஒரு குடம் தண்ணீரை வாசலோரம் கவிழ்த்தார். தண்ணீர் தரையில் ஓட, எண்ணெய் அதன்மேல் ஏறிக்கொண்டு திரும்பி வந்து அவர் காலையே பிடித்தது. அவ்வளவுதான், மனிதர் பொத்தென்று உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே சமையற்கட்டின் குறுக்கே வழுக்கிப் போய்த் தவிட்டு மூட்டைக்குள் தலையை விட்டார்!

"மகாராஜா, அசையாதீங்க!" சோலையம்மை முறத்திலிருந்த மிச்சத் தவிட்டை ராஜாவின் காலடியில் வீசினாள். "இப்போ வாங்க. மெதுவா" என்று சொல்லிவிட்டு, தான் முன்னால் நடந்து அடுப்புப் பக்கக் கரையில் போய் நின்றாள்.

ராஜா நடந்தார். இடப்பக்கம் வானம், வலப்பக்கம் வானம், கீழே வெதுவெதுப்பான தவிடு. அக்கரை வந்துவிட்டது. குனிந்து பார்த்தார், காலில் ஒட்டியிருந்தது தவிடுதான், ஈரமில்லை.

வந்த களைப்புக்குச் சாப்பிடட்டுமே என்று, முன்னாலேயே சுட்டு எடுத்திருந்த அதிரசம் ஒன்றைச் சோலையம்மை நீட்டினாள்.

"தொடாதே!" என்று தவிட்டு முகத்தோடு அலறினார் நாகலிங்கனார். "ராஜாவுக்குத் தங்கத் தட்டில் வைத்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும்!"

ராஜா நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. "அம்மா போன பிறகு எனக்கு யாருமே கையில் கொடுத்ததில்லை, சோலை" என்றார். வாங்கி அங்கேயே நின்று தின்றார்.

அப்புறம் உத்தரவு பிறந்தது. மூன்று குடம் தண்ணீர் இனி மூன்று மரக்கால் தவிடு. எண்ணெய் சிந்தினால் யாரும் கோட்டையை விட்டுப் போக வேண்டியதில்லை. இன்றைய தரையை நாகலிங்கனார் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

"எண்ணெய்த் தவிட்டை அடுப்படியில் கொட்டிடாதீங்க ஐயா, குப்பென்று பிடிச்சுக்கும். வெளியே குழியில் போடுங்க" என்றாள் சோலையம்மை. "அப்புறம் சீயக்காய்த்தூள் போட்டு வெந்நீரில் தேய்ச்சு, காய்ந்த துணியால் துடைக்கணும். சட்டி ஆறிவிட்டது, பயமில்லை." ஐயா விளக்குமாற்றைப் பிடித்த அழகை அரண்மனையே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் மதியம் ராஜா படுத்தார். குளம் வரவில்லை, கனவே வரவில்லை. எழுந்தவர் அழவுமில்லை. நேரே சமையற்கட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கையை நீட்டினார்.