பவுனுக்கு வந்த பழம்

காலை நீட்டிப் படுடா முகிலு. தலகாணிய இழுக்காத, பெரியம்மாவுக்கும் கழுத்து இருக்கு. சோத்துல கெடந்த பீன்ஸ ஒவ்வொண்ணாப் பொறுக்கி, தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கி வெச்சிட்டு எந்திரிச்சியே, நான் பாக்கலேன்னு நெனச்சியா? திட்டலாம்னுதான் இருந்தேன். போ, தூங்கப் போற புள்ளைய எதுக்குத் திட்டிக்கிட்டு. கதை சொல்றேன். ஆனா ம் கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு வேப்பமரம். மரத்தடியில ஒரு சாக்கு, சாக்கு மேல கூறு கூறாப் பழம். பழத்துக்குப் பின்னால ஒச்சம்மான்னு ஒரு அம்மா, அந்த அம்மா முந்தானையப் புடிச்சிக்கிட்டு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. அவ பேரு பவுனு. பேருதான் பவுனு, கழுத்துல கெடந்தது ஒரு கருப்புக் கயிறு. அப்பன் லாரியில போறவரு, மாசத்துக்கு ஒருக்கா தலைய காட்டுவாரு.

ம் எங்கடா? ஆங், அப்படி.

இப்ப மாதிரி இல்லடா அப்போ. இப்ப தள்ளுவண்டியில மைக் செட்டு கட்டிக்கிட்டுப் பழம் தெருத்தெருவா வருது. அப்பல்லாம் நம்மள மாதிரி வீட்டுக்குள்ள ஒரு ஆப்பிள் வருதுன்னா, வீட்ல யாரோ படுத்துட்டாங்கன்னு அர்த்தம். வாழப்பழத்தச் சேக்காத, அது கோயில்லயே குடுப்பாங்க. நான் சொல்றது சாத்துக்குடி, ஆப்பிள், மாதுளை. நாலு மணி ஆச்சுன்னா ஆஸ்பத்திரி மணி டணார் டணார்னு அடிக்கும். ஒடனே உள்ள படுத்திருக்கவங்களப் பாக்கத் திபுதிபுன்னு சனம் வரும். கையில ஒயர்கூடை, கஞ்சித் தூக்கு, வெந்நி பிளாஸ்கு. பச்சையும் மஞ்சளுமா அந்தக் கூடைங்க எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா! நானும் அந்த வாசல்ல எத்தனையோ தடவ நின்னவதான். இன்னிக்கும் சாத்துக்குடிய உரிச்சா எனக்கு அந்த டெட்டால் வாசமும் கூடவே வருது.

அப்புறம், இந்தப் பவுனு இருக்காளே, அவ வாசல்ல உக்காந்து உக்காந்தே பாதி டாக்டராயிட்டா. சாத்துக்குடி வாங்கினா காய்ச்ச கேஸு. ஆப்பிள் வாங்கினா ஆப்பரேசன். மாதுளை வாங்கினா ரத்தம் பத்தாத ஆளு. அவளா கண்டுபுடிச்சு வெச்சிருந்தா.

ஒருநாள் வயசான ஒரு ஆயா வந்துச்சு. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு.

"திராட்சை இருக்காம்மா? எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு. என்ன ஆசைப்படுறாரோ கேட்டுக் குடுத்துருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஒச்சம்மா இருக்கறதுலயே நல்ல கொத்தா எடுத்துக் குடுத்தா. மறுநாள் அந்த ஆயா வரல. அதுக்கு மறுநாளும் வரல.

"அம்மா, திராட்சை ஆயா எங்கம்மா?"

"இனிமே வரமாட்டாங்கடி. அந்தத் தாத்தா சாமிகிட்ட போயிட்டாரு."

பவுனு அதையும் மனசுக்குள்ள முடிஞ்சு வெச்சிக்கிட்டா. சீக்காளிகிட்ட என்ன பழம் வேணும்னு கேட்டா, அவ்ளோதான், ஆளு காலி!

தூங்கிட்டியா? ம் சத்தமே காணோம். சரி சரி, அடிக்காத, சொல்றேன்.

அப்போ பால்வாடியில மாசா மாசம் புள்ளைங்கள தராசுல தொங்கவிட்டு எடை பாப்பாங்க. அந்த மாசம் டீச்சரம்மா ஒச்சம்மாவக் கூப்பிட்டு, கோடு போட்டு எடை குறிக்கிற அட்டையக் காட்டுனாங்க.

"பாரு ஒச்சம்மா, ஒம் மக கோட்டுக்குக் கீழ நிக்கிறா. வெறும் சோறும் ரசமும், டீயில நனைச்ச பன்னும் போதுமா? கீரை குடு. காய் குடு. பழம் விக்கிறவதானே நீ, தெனம் ஒண்ணு புள்ளைக்குக் குடேன்!"

ஒச்சம்மாவுக்குச் சுருக்குனு ஆயிருச்சு. விக்கிற சரக்குல வாய வெக்கக் கூடாதுன்னு அவ ஆத்தா காலத்துச் சட்டம். அவளும் தொட்டதில்ல, புள்ளையவும் தொட விட்டதில்ல. பவுனு அந்நேரம் வெளிய மணல்ல வீடு கட்டிக்கிட்டிருந்தா. டீச்சர் சொன்னதுல ஒரு வார்த்தை அவ காதுல விழல. விழுந்திருந்தா இந்தக் கதையே இல்லடா.

அன்னிக்கு ராத்திரி கீரை கடைஞ்சு போட்டா. மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே தின்னா பவுனு, அப்படியே ஒன்ன மாதிரி. மறுநாள் வாசல்ல ஒச்சம்மா ஒரு சாத்துக்குடிய எடுத்து மக கையில வெச்சா.

"இந்தா, தின்னு."

பவுனுக்குத் திக்குன்னு ஆயிருச்சு. சாத்துக்குடியா? எனக்கா? எனக்குக் காய்ச்சலா? நெத்தியத் தொட்டுப் பாத்தா. சுடுற மாதிரியும் இருந்துச்சு, சுடாத மாதிரியும் இருந்துச்சு. அம்மா அந்தப் பக்கம் திரும்புனதும் விசுக்குனு பழத்தக் கூறுலயே வெச்சிட்டா. "தின்னுட்டியா?"ன்னா அம்மா. "ம்"ன்னா மக.

ரெண்டாம் நாளு ஒச்சம்மா என்ன பண்ணா? இன்னும் நல்லதாக் குடுப்போம்னு ஆப்பிளையே குடுத்துட்டா. போச்சுடா! ஆப்பிள்னா ஆப்பரேசன் ஆச்சே. அதையும் சாக்குக்கு அடியில ஒளிச்சிட்டு, கேட்டுல நின்ன வாட்ச்மேன் சவரிமுத்துகிட்ட ஓடுனா.

"தாத்தா, தாத்தா, உள்ள எனக்குக் கட்டில் போட்டாச்சா?"

அந்தாளு சும்மா இருக்க மாட்டாரு, புள்ளைங்கன்னாலே கிண்டல்தான். மீசையத் தடவிக்கிட்டு, "ஓ! சன்னல் ஓரமாப் போடச் சொல்லியிருக்கேன். காத்து வரும்ல?"ன்னுட்டாரு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. பவுனு வீட்டுக்கு வந்து, சேத்து வெச்சிருந்த சோடா மூடி அம்பதையும் பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்ட குடுத்துட்டா. ராத்திரி சோறு எறங்கல. விடிஞ்சா பன்னும் எறங்கல. அம்மா மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நாம போயிட்டா அம்மா சாக்க யாரு தூக்கிட்டு வருவா, மழை வந்தா பழத்த மூடுறதுக்கு யாரு கைபுடிப்பான்னு அதுக்கு அதான் கவலை. அஞ்சு வயசுப் புள்ளைக்கு வர்ற கவலையாடா அது?

மூணாம் நாளு ஒச்சம்மா பாத்தா. புள்ள வாடிக் கெடக்கு, கன்னம் ஒட்டிப்போச்சு. மகள மடியில இழுத்துப் போட்டுக்கிட்டு அழுவுற மாதிரி கேட்டா.

"என்னடி தங்கம் ஒனக்கு? என்ன பழம் வேணும்? எது வேணும்னாலும் கேளு, அம்மா தர்றேன்."

அவ்ளோதான்! பவுனு 'ஓ'ன்னு ஒப்பாரி வெச்சா பாரு, மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துருச்சு.

"டாக்டர் சொல்லிட்டாராம்மா? நான் திராட்சைத் தாத்தா மாதிரி சாமிகிட்ட போகப் போறேனா? எனக்குத் திராட்சை வேணாம்மா, எதுவும் வேணாம்மா!"

ஒச்சம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் மெல்ல மெல்ல, சாத்துக்குடி, ஆப்பிளு, சன்னலோரக் கட்டிலுன்னு எல்லாம் வெளிய வந்துச்சு. அவளுக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. "அடி போடி பைத்தாரி! ஒனக்கு ஒரு சீக்கும் இல்லடி!"ன்னு மகளக் கட்டிக்கிட்டா.

ஆனா பவுனு லேசுப்பட்டவளா? மூக்க உறிஞ்சிக்கிட்டே கேட்டா.

"சீக்கு இல்லேன்னா எதுக்கும்மா பழம்? நீ தின்னுருக்கியா?"

"ஏன், தின்னுருக்கேனே. ஒன்னப் பெத்துட்டு இந்த ஆஸ்பத்திரியிலதான் கெடந்தேன். அப்ப எங்காத்தா ஒரு ஆப்பிள் கொண்டாந்துச்சு."

"அப்புறம்?"

ஒச்சம்மா யோசிச்சுப் பாத்தா. அப்புறம்னு ஒண்ணு இல்லியேடா. மூட்டை மூட்டையா எத்தனை வருசம் வித்த கை அது, அவ நல்லா இருந்த நாள்ல ஒரு சுளை அவ வாய்க்குப் போனதில்ல. அவளுக்கே அப்பத்தான் தெரியுது.

அப்புறம் கையத் தொடச்சிக்கிட்டு, கூறு மேல பார்வைக்கு வெச்சிருந்த கமலா ஆரஞ்சு இருக்கு பாரு, அடிபட்டது இல்ல, இருக்கறதுலயே நல்லது, அத எடுத்து பர்ருன்னு உரிச்சா. பாதி மகளுக்கு, பாதி அவளுக்கு. பவுனு வாயில வெக்கல. அம்மாவையே பாத்துக்கிட்டிருந்தா. ஒச்சம்மா ஒரு சுளைய மென்னு முழுங்குனா.

"ஒண்ணும் ஆவலியாம்மா?"

"ஒண்ணும் ஆவலடி. இனிக்கிது."

அப்புறம்தான் பவுனு ஒண்ண வாயில போட்டா. சாறு முழங்கை வரைக்கும் வழியுது. நக்கிக்கிட்டா. இன்னொண்ணு. இன்னொண்ணு. அதுக்குள்ள டணார் டணார்னு மணி அடிச்சு, சனம் திபுதிபுன்னு வந்துருச்சு. இடுப்புல ஒரு கைக்கொழந்தைய வெச்சிக்கிட்டு ஒரு அக்கா ஓடியாந்து, வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னு நாலு சாத்துக்குடி வாங்குச்சு. பவுனு அந்தப் பாப்பாவப் பாத்தா.

"பாப்பாவுக்கு?"

"பாப்பாவுக்கு என்ன? நல்லாத்தான இருக்கா, அவளுக்கு ஒண்ணும் இல்லியே."

பவுனு கையில மிச்சம் ஒரே ஒரு சுளை இருந்துச்சு. அதுல கொட்டைய எடுத்துப் போட்டுட்டு, பாப்பா வாயில வெச்சா.

"ஒண்ணும் இல்லாதவங்களும் தின்னலாம்க்கா. சும்மாவே தின்னலாம்."

அவ்ளோதாண்டா. கூடையும் காலி, கதையும் காலி. ம் கொட்டுனது போதும், கண்ண மூடு.