ஜமீன் துப்பாக்கிக்கு நிக்கல் பூச்சு

கோம்பைக்காட்டு ஜமீன்தார் மீசையை முறுக்கினால் ஊரே நடுங்கும். அப்படி அவரேதான் சொல்லிக்கொள்வார்.

அவருடைய தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கிக்கு மாசிலாமணி நிக்கல் பூசிக் கொண்டுவந்தான். சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் பூசிப் பிழைக்கிற ஆள். கடை இருந்ததோ ஜமீன் இடத்தில்.

கூடம் நிறைய விருந்தாளிகள்.

"இதைப் பூச்சுக்குக் குடுக்கறதுக்கு முந்தின நாள்கூட ஒரு சிறுத்தையைச் சாய்ச்சேன்" என்றார் ஜமீன்தார். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தவர், "என்னடா இப்படி மின்னுது? மிருகம் தூரத்துலயே பார்த்து ஓடிடாதா?" என்று சீறினார்.

"எசமான்தானே பளபளன்னு கேட்டீங்க?"

"எதிர்த்தா பேசுறே? விருந்தாளிக்கு மின்னணும், மிருகத்துக்கு மின்னக் கூடாது! முடியலேன்னா இன்னைக்கே கடையைக் காலி பண்ணு!"

நானாயிருந்தால் துப்பாக்கியை அங்கேயே வீசியிருப்பேன். மாசிலாமணி சிரித்தான்.

"அப்படித்தாங்க பூசியிருக்கேன்."

"எப்படிடா?"

"தொட்டியில முக்கறதுக்கு முன்னால, மருந்துத் தண்ணி உள்ளே போகாம குழல் வாயைத் தக்கையால அடைப்போமுங்க. அடைக்கப் போனா, உள்ளே குளவி மண்கூடு கட்டி, காஞ்சு கல்லாக் கெடக்கு! எசமான் சுட்ட குண்டு கூட்டை நோகடிக்காம ஒதுங்கிப் போயிருக்கு. இந்தத் துப்பாக்கியை விருந்தாளிங்கதான் பார்ப்பாங்க. மிருகம் எங்கேங்க பார்க்கப் போவுது?"

கூடமே வெடித்துச் சிரித்தது. ஜமீன்தாரின் மாமனார் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் சட்டையெல்லாம் தெறித்தது.

"சரி சரி, கடையை நீயே வெச்சுக்கோ" என்று முனகினார் ஜமீன்தார். "அந்தக் கூட்டை மட்டும் எடுத்துடு."

"எடுத்துடறேங்க. ஜமீன் இடத்தைக் குளவியாவது காலி பண்ணட்டும்."