ஐந்து கம்பிக்காரர்

திருச்சி பொன்மலையில் ஜெனிட்டா என்றொரு குரு இருந்தாள். வயது முப்பத்தொன்று. அவளுடைய சீடர் தனபாலுக்கு ஐம்பத்திரண்டு. குருவுக்குத் தாடி வேண்டும், சீடனுக்குப் பால்வடியும் முகம் வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

குரு ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடிக்கொண்டிருக்குமே, அது. சீடருக்குத் தில்லைநகரில் பெயின்ட் கடை. கடையை மனைவி பார்த்துக்கொண்டார். இவர் பேஸ் கிட்டாரைப் பார்த்துக்கொண்டார்.

தனபாலிடம் கருத்துக்குப் பஞ்சமே கிடையாது.

"நாலு கம்பி எல்லாம் அந்தக் காலம் மிஸ். இனிமே அஞ்சுதான்."

"ம்."

"ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் கம்பியை மாத்திடணும். பழைய கம்பியில வாசிக்கிறது பழைய எண்ணெயில வடை சுடற மாதிரி."

"ம்."

"பேண்டுன்னா தஞ்சாவூர் கோல்டன் ரிதம்ஸ்தான் மிஸ். அவங்க பேஸ் ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஆள் உசரம். மத்ததெல்லாம் கல்யாண பேண்டு."

"நம்மளும் கல்யாண பேண்டுதான் அண்ணே."

"அது வேற மிஸ்," என்றார் தனபால். என்ன வேறு என்று சொல்லவில்லை.

குருவின் கிட்டாருக்கு நாலு கம்பி. அதைக் கடைசியாக எப்போது மாற்றினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

ஜெனிட்டாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கிட்டார் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, கை கம்பிக்கு எட்டவில்லை. பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பிக்கும் வரை மேடை ஏறுவதில்லை என்று முடிவெடுத்தாள். குழுவில் அவள் இடம் காலியானது.

அந்த இடம் தனபாலுக்கு வேண்டும். சாதாரணமாக அல்ல, பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பது போல வேண்டும். இதற்கு முன் இரண்டு குழுக்கள் அவரைச் சேர்த்துக்கொண்டன. கொஞ்ச நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கிட்டார் சரியில்லை போலிருக்கிறது என்று அவர் ஒவ்வொரு முறையும் புதிது வாங்கினார். இந்த முறையும் நடக்காவிட்டால் இனிமேல் கிட்டாரைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் லூர்துவிடம் ஜெனிட்டா பேசினாள்.

"அவரா? கை நல்லாத்தான் ஓடுது ஜெனி. ஆனா அவர் பக்கத்துல இருந்தா நான் தனியா வாசிக்கிற மாதிரி இருக்கு. வேணாம். கீபோர்டுக்காரன் இடது கையாலயே பேஸ் போட்டுக்கட்டும்."

"மணப்பாறை கல்யாணத்துல ஒரு தடவை வாசிக்கட்டும்."

"சரிப்படலைன்னா?"

"கீபோர்டு."

லூர்து தலையாட்டினான். இந்தப் பேச்சு முழுவதையும் ஜெனிட்டா ஒரு வார்த்தை குறைக்காமல் தனபாலிடம் சொன்னாள். மறைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தனபால் அசரவில்லை. "லூர்துவுக்கு என் சவுண்டு பிடிபடல மிஸ். போகப் போகப் பிடிபடும்."

மறுநாள் பயிற்சிக்கு வந்தவர் கிட்டாரை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே கேட்டார்.

"மிஸ், உலகத்துலேயே நல்ல பேண்டு எது? உங்க கருத்தைச் சொல்லுங்க."

குரு கைப்பேசியை எடுத்து ஒரு பாட்டைப் போட்டாள். ஏதோ ஒரு குழு மேடையில் வாசித்தது. தனபால் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"எப்படி?" என்றாள் குரு.

"நாலு கம்பி கிட்டார். கம்பி ரொம்பப் பழசு. விரலால வாசிக்கிறாங்க. ரெண்டாவது சரணத்துல ஒரு நோட்டு நழுவுது, சமாளிச்சிட்டாங்க."

"பாட்டு?"

"என்ன மிஸ்?"

"என்ன பாட்டு அண்ணே அது?"

தனபால் கண்ணைத் திறந்தார். யோசித்தார். பாடியது ஆணா பெண்ணா என்று தேடிப் பார்த்தார், அதுவும் அகப்படவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க மிஸ்."

குரு கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "எனக்குச் சாப்பாட்டு நேரம். ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனபால் இதையே யோசித்தார். காதில்தான் குறை என்று முடிவுக்கு வந்தார். மறுநாள் நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கினார். மனிதர் அப்படித்தான். எதை இழந்தாலும் அதற்கு ஒரு கடை இருக்கும் என்று நம்புகிறவர்.

மணப்பாறையில் மண்டபம் பெரியது. வரவேற்பு சாயங்காலம். வேன் மதியமே போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதல் ஆளாக வருவதற்குள் குழு மேடையில் எல்லாவற்றையும் இணைத்துச் சரிபார்க்க வேண்டும். வேலை செய்ய முடியாவிட்டாலும் ஜெனிட்டாவும் வந்திருந்தாள்.

தனபால் தன் ஐந்து கம்பி கிட்டாரைத் தனியாக வாசித்துக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது. அடியில் தரை அதிர்ந்தது, மேலே கிண் கிண் என்று தெறித்தது. மேடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இதுதான் மிஸ் என் சவுண்டு. உள்ளயே பாட்டரி வச்ச கிட்டார். உங்க கிட்டார்ல இது வரவே வராது."

"வராது," என்று குரு ஒப்புக்கொண்டாள்.

பிறகு குழு முழுவதும் சேர்ந்து வாசித்தது. அந்தப் பிரமாதமான சத்தம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அடி அதிர்வை லூர்துவின் பெரிய டிரம் மூடிவிட்டது. மேல் கிண்கிணியைக் கீபோர்டு மூடிவிட்டது. தனபாலின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

குரு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக மேடை ஏறினாள். ஆம்ப்ளிஃபயரில் அடி ஒலிக்கும் மேல் ஒலிக்குமான இரண்டு ஓரத் திருகுகளையும் குறைத்து, இடைப்பட்ட ஒலிக்கான நடுத் திருகை ஏற்றினாள்.

"இப்ப வாசிங்க."

தனபால் தனியாக வாசித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சளி பிடிச்சவன் பாடற மாதிரி இருக்கு மிஸ்."

"ஆமா."

"அசிங்கமா இருக்கு."

"ஆமா. நீங்க தனியாவா வாசிக்கப் போறீங்க?"

"அதுக்கில்ல மிஸ், கோல்டன் ரிதம்ஸ்ல எப்படின்னா..."

குரு அதற்குள் இறங்கிப் போய்விட்டாள். மின்விசிறிக்குக் கீழே முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, அது பறிபோய்விடக் கூடாது என்பது அவள் கவலை. அவள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தனபால் மூன்று திருகுகளையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார். குரு பார்த்தாள்.

கச்சேரி தொடங்கியது. முதல் சில பாட்டுகளில் தனபால் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்தார். பாடகி மூச்சு வாங்கிய இடமெல்லாம் அவருடைய விரல் புகுந்தது. லூர்து தலையைக் குனிந்துகொண்டு கணக்குப் போடுகிறவன் முகத்தோடு வாசித்தான். தனபாலோ தன் வாழ்நாளில் இதைவிட நன்றாக வாசித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது குத்துப்பாட்டு. மாப்பிள்ளையின் நண்பர்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். பெண்ணின் மாமா ஒருவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். அந்த நேரம் பார்த்துத் தனபாலின் கிட்டார் கரகரத்தது. பிறகு மெலிந்தது. பிறகு சத்தமே இல்லை.

அந்த மாதிரி கிட்டாருக்குள் ஒரு சின்னச் சதுர பாட்டரி உண்டு. கேபிளைச் செருகியே வைத்திருந்தால், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே வரும். நினைத்த நேரத்தில் எடுத்து வாசிக்க வசதி என்று தனபால் வீட்டில் கேபிளைக் கழற்றாமலே விட்டுவைத்திருந்தார். கிட்டாரைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுப்பவருக்கு இது மட்டும் மறந்துபோனது.

அவர் திருகுகளைத் திருகினார். கேபிளைப் பிடுங்கிச் செருகினார். ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டு அவருக்காக நிற்கவில்லை.

லூர்து கீபோர்டுக்காரனைப் பார்த்தான். கீபோர்டுக்காரனின் இடது கை கீழ்க் கட்டைகளுக்கு இறங்கியது.

அந்தக் கை இறங்கியதைத் தனபால் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். மேடையை விட்டு ஓடவும் முடியாது, எதிரே ஊரே உட்கார்ந்திருக்கிறது. செத்த கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டு நின்றார்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாத மனிதனுக்குக் காது மட்டும் மிச்சம் இருந்தது. குத்துப்பாட்டு முடிந்து மெதுவான பாட்டு ஒன்று தொடங்கியது. அதைத் தனபால் கேட்டார்.

லூர்து பெரிய டிரம்மை மிதிப்பது கேட்டது. நேராக அல்ல, ஒரு இழை பிந்தி மிதித்தான். அந்தப் பிந்தல்தான் பாட்டை ஊஞ்சலில் வைத்தது. பாடகி சரணத்துக்கு முன்னால் மூச்சு வாங்கினாள். அங்கே ஒரு சின்ன அமைதி இருந்தது. அது எவ்வளவு அழகு என்று தனபாலுக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கேதான் இவ்வளவு நேரமும் தன் விரல் புகுந்தது என்று உடனே தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எப்போது என்று தெரியாமலே அவருடைய வலது கால் லூர்துவின் காலோடு சேர்ந்து தட்ட ஆரம்பித்தது.

லூர்து நிமிர்ந்தான். அந்தக் காலைப் பார்த்தான். சரணம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு வாசித்தான்.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் கம்பியில்லாத மைக்கோடு நடுமேடைக்கு வந்தார். தனபால் ஒரே எட்டில் அவர் முன்னால் போய் நின்றார்.

"இதுக்குள்ள சதுர பாட்டரிதானே?"

"ஆமா, ஏன்?"

"குடுங்க."

"அப்ப நான் எப்படிங்க பேசறது?"

"கத்திப் பேசுங்க. மாப்பிள்ளை வீட்டுக்குக் கேட்டாப் போதும்."

பாட்டரி மாறியது. அறிவிப்பாளர் தொண்டை கிழிய மணமக்களை வாழ்த்தினார். வழக்கத்தைவிட அன்றைக்கு வாழ்த்து சுருக்கமாக இருந்ததில் எல்லோருக்கும் திருப்தி. தனபால் ஆம்ப்ளிஃபயரிடம் போனார். ஓரத் திருகுகளைக் குறைத்தார், நடுத் திருகை ஏற்றினார். கீபோர்டுக்காரனிடம் லேசாகக் கை காட்டினார். இடது கை மேலே போனது.

அதன் பிறகு அவர் வாசித்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. லூர்து கால் வைத்த இடத்தில் நோட்டு இருந்தது. பாடகி மூச்சு வாங்கிய இடத்தில் இல்லை. ஐந்தாவது கம்பி பக்கம் விரல் போகவே இல்லை, அவருக்கு அது நினைவிலும் இல்லை. கீழே துண்டு கட்டிய மாமா உட்கார மறுத்தார். கச்சேரி முடிந்ததும் ஆட்கள் வந்து பாடகியின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள், லூர்துவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தனபாலை யாரும் கவனிக்கவில்லை. அவரும் அதைக் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் குருவுக்குப் பக்கத்து இலை அவருடையது. லூர்து கை கழுவப் போகிற வழியில் நின்றான்.

"அண்ணே, அடுத்த ஞாயிறு லால்குடி. வேன் பொன்மலையில இருந்து கிளம்பும். லேட் பண்ணிடாதீங்க."

போய்விட்டான். தனபால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரசம் காரம் என்றார். குரு இரண்டாவது தடவையாகப் பாயசம் கேட்டு வாங்கினாள்.

கொஞ்ச நேரம் போனது. தனபால் தனபாலாகத்தானே இருக்க முடியும்.

"கடைசிப் பாட்டு நல்லா அமைஞ்சது இல்ல மிஸ்?"

"நல்லா இருந்துச்சு."

"மைக் பாட்டரிக்குன்னு ஒரு தனி சவுண்டு இருக்கு மிஸ். இனிமே அந்தக் கம்பெனிதான் போடணும்."

"ம்."

"லூர்து அந்தப் பாட்டுலதான் மனசு மாறியிருப்பான், இல்ல?"

"இல்ல."

"அதுக்கு முந்தின பாட்டா?"

"இல்ல அண்ணே."

"பின்ன எந்தப் பாட்டுல மிஸ்?"

குரு இலையை மூடினாள்.

"நீங்க கையைக் கட்டிக்கிட்டு நின்ன பாட்டுல."