துண்டு ஆட்டாத முக்கு

சுரீர்! ஒரு ஊர்ல ஒரு அத்தையோட கால்ல பாம்பு கொத்திடுச்சுடா. பட்டப்பகல்ல. அன்னக்கொடி அத்தை கடலைக் காட்டுல செடி பிடுங்கிக்கிட்டு இருந்தாங்க. "ஐயோ, குபேந்திரா!"ன்னு ஒரே கத்தல். குபேந்திரன் அவங்க அண்ணன் மகன். காட்டுல அவன்கிட்ட மட்டும்தான் போன் இருந்துச்சு. 'ம்' சொல்லு, இல்லைன்னா நிறுத்திடுவேன்.

"ம்... சொல்லுக்கா."

அவன் சரியான லூசு. அதுக்கு முந்தின வாரம் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, "சுடுகாட்டுப் பக்கம் ஒரு அம்மாவுக்குப் பிரசவ வலி"ன்னான். வீயூ வீயூனு வண்டி வந்துச்சு, ஆளைக் காணோம், திரும்பிப் போச்சு. இவன் புளியமரத்துல உக்காந்து கெக்கெக்கேனு சிரிச்சான். அப்புறம், "பஸ் கவிழ்ந்துடுச்சு"ன்னான். திரும்ப வீயூ, திரும்ப கெக்கெக்கே. மூணாவது போன், பாம்பு கொத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். "செங்கல் சூளையில ஒருத்தருக்கு நெஞ்சு வலி!"

நீ ஏன்டா சிரிக்கிற? இனிமேதான் இருக்கு.

அப்போ அத்தை காலு புசுபுசுனு வீங்குது. இவன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

"வண்டி செங்கல் சூளைக்குப் போயிருக்கு சார். அங்க ஆளைத் தேடுறாங்க"ன்னு போன்ல ஒரு அக்கா.

"அங்க யாருமே இல்லீங்க! உடனே இங்க அனுப்புங்க!"

"யாரும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடலைக் காட்டுல அத்தையைப் பாம்பு கொத்திடுச்சுங்க!"ன்னான் இவன்.

"சூளைக்குக் கூப்பிட்டதும் இதே நம்பர்தான்"ன்னாங்க அந்த அக்கா. திட்டல. "வண்டியைத் திருப்பிட்டேன். வாய்க்கால் பாலத்துக்கிட்ட ரோடு ரெண்டாப் பிரியுதாமே. போர்டு கிடையாதாம். நீங்க முக்குல நின்னு துண்டை ஆட்டுங்க. நகரக் கூடாது."

ஓடினான். தடதடதடனு. நின்னான். தூரத்துல வீயூ... வீயூ... தோள்ல இருந்து துண்டைக் கூட எடுத்துட்டான்டா! அப்போ பார்த்து, டிரைவர் அண்ணன் இறங்கி வந்து பளார்னு விட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். சடார்னு பாலத்துக்கு அடியில குதிச்சிட்டான். தலைக்கு மேல வண்டி தடதடனு போச்சு. இடது பக்கம் திரும்பிடுச்சு. அது வேற ஊருக்குப் போற ரோடு.

"அக்கா, அத்தை செத்துட்டாங்களா?"

இல்லடா. வண்டி வரும் வரும்னு பார்த்துப் பார்த்து, கடைசியில டிராக்டர்ல போட்டுக்கிட்டுப் போனாங்க. உயிரு தப்பிச்சுது. கால் தப்பிக்கல. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. லேட்டா வந்துட்டீங்கன்னாரு டாக்டர்.

"குபேந்திரனை அடிச்சாங்களா?"

யாரும் ஒரு அடி கூட அடிக்கல. எதுக்குப் பயந்தானோ அது நடக்கவே இல்ல.

கதை தீர்ந்துச்சு, கண்ணை மூடு. முக்குல நில்லு, துண்டை ஆட்டுன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அவன் நிக்கல.